போட்டோவுக்கு இடம் உண்டு, விஜயாவுக்கு இல்லையாம்

என் அன்புச் சுந்தரா,

பேனாவை எடுத்ததும் 'எப்படிடா இருக்கே' என்றுதான் கை எழுதப் போகிறது. நீ போய் ரெண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அந்த வழக்கம் போகவில்லை. சரி, நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்கிறேன். பயங்கர எரிச்சலில் இருக்கிறேன். வீட்டில் வாய்விட்டுச் சொன்னால், "மெதுவா பேசுங்க, பக்கத்துப் போர்ஷன்ல கேக்குது" என்கிறாள் சாந்தி. உன்னிடம் கத்தினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் பி.காம். செட் மொத்தமும் கூடுகிறோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தாகிவிட்டது. எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும். காலையில் டிபன், மத்தியானம் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவன் நம்ம மூர்த்தி. அவன்தான் உனக்கு ஒரு நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னான். ஜெராக்ஸ் எடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கப் போகிறானாம். "உருக்கமா எழுதுடா, படிச்சா கண்ணுல தண்ணி வரணும்" என்றான். எழுதுகிறேன். யார் கண்ணில் வருகிறது என்று பார்க்கலாம்.

முதலில் நம் ஆட்கள் சமாச்சாரம். பாஸ்கர் மேடவாக்கத்தில் மனை வாங்கி விற்கிறான். பார்க்கிறவனிடமெல்லாம் "ஒரு கிரவுண்டு வாங்கிப் போடு மச்சான், பின்னாடி என்னைக் கும்பிடுவே" என்கிறான். அங்கே தண்ணியும் கிடையாது, நினைத்த நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது, எதற்குக் கும்பிடுவதோ தெரியவில்லை. டேவிட் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஸ்டாட்டிஸ்டிக்ஸில் அரியர்ஸ் வைத்து வைத்து எழுதியவன், இப்போது தப்பாகக் கணக்குப் போடுகிற பையன்களை முட்டி போட வைக்கிறான். மூர்த்தி பேங்கில் ஆபீசர். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் சொந்த வீடு, தொப்பை, கண்ணாடி எல்லாம் வந்துவிட்டது. பேசினால் நம்மிடம் பேசுகிற மாதிரியே இல்லை, மீட்டிங்கில் பேசுகிற மாதிரி இருக்கிறது.

இவனைப் பார்க்கும்போதெல்லாம் நம் எலெக்ட்ரிக் ட்ரெயின்தான் ஞாபகம் வருகிறது. தாம்பரத்தில் வண்டி முழுசாக நிற்பதற்குள் ஜன்னல் வழியே கர்ச்சீப்பைப் போட்டு நாலு பேருக்கு இடம் பிடிப்பாய். உனக்கு, எனக்கு, டேவிட்டுக்கு, அப்புறம் குரோம்பேட்டையில் ஏறுகிற மூர்த்திக்கு. அந்தக் கூட்டத்தில் அவன் ஏறுகிறவரை அவன் இடத்தைக் காப்பாற்றவேண்டும். ஆபீஸ் போகிறவர்கள் முறைப்பார்கள். "எடுப்பா, காலியாத்தானே இருக்கு" என்பார்கள். நீ முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, "ஆள் வருது சார்" என்பாய். மூணு வருஷமும் மூர்த்தி உட்கார்ந்துகொண்டுதான் காலேஜுக்கு வந்தான்.

சரி, எரிச்சலுக்குக் காரணத்தைச் சொல்கிறேன்.

போன மாசம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உன் விஜயாவைப் பார்த்தேன். இதைப் படிக்கிற சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன், விஜயா சுந்தரின் மனைவி. பல்லாவரத்திலேயே ஒரு தோல் கம்பெனி ஆபீசில் வேலைக்குப் போகிறாள். கூட உன் மகள் கயல். ரெண்டாம் கிளாஸ் படிக்கிறாள். உன் மூக்கு, உன் வாய், உன் பிடிவாதம். ஒரு பழைய சின்ன சைக்கிளுக்கு முன்னால் நின்றுகொண்டு, இதை வாங்கித் தராமல் நகரமாட்டேன் என்று அடம்.

"அண்ணா, உங்க காலேஜ் மீட்டிங் வருதாமே. டேவிட் அண்ணா வீட்டுல சொன்னாங்க. நானும் கயலும் வரலாமா?" என்று கேட்டாள்.

"இது என்ன கேள்வி? நீ வராம?" என்றேன்.

"இல்லண்ணா, அவர் உங்க கதையெல்லாம் பாதிதான் சொல்லுவார். சொல்லும்போதே சிரிப்பு வந்துடும், முடிக்கவே மாட்டார். பரீட்சை அன்னைக்குக் குரோம்பேட்டையில செருப்பு விழுந்த கதைய எத்தனையோ தடவை ஆரம்பிச்சிருக்கார். செருப்பு விழுந்துடுச்சும்பார், அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்குவார். இப்ப கயல் அப்பா கதை சொல்லுன்னு கேட்டா, நானும் செருப்பு விழுந்துடுச்சு வரைக்கும்தான் சொல்றேன். மீதி உங்களுக்கெல்லாம் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அது மூர்த்தி சொல்லவேண்டிய கதை, அவன் சொன்னால்தான் நன்றாக இருக்கும். "மீட்டிங்கில மூர்த்தியே சொல்லுவான், நீ வா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? அவளை நீ கட்டிக்கொண்டது காலேஜ் முடித்து எத்தனையோ வருஷம் கழித்து. அதற்கு முன்னால் இருந்த சுந்தர் எங்களிடம்தானே இருக்கிறான்? அவனைக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறாள், பாவம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி வீட்டு ஹாலில் கமிட்டி கூடியது. கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. காலையில் ஜோடி ஜோடியாக வந்து குத்துவிளக்கு ஏற்றி ஆரம்பிப்பது என்று முடிவானது. நான் சாதாரணமாக, விஜயாவும் வருகிறாள் என்று சொன்னேன். மூர்த்தி டம்ளரைக் கீழே வைத்தான்.

"டேய், அது சரியா வருமா? எல்லாரும் ஜோடியா இருக்கறப்போ அவங்களுக்கே கஷ்டமா இருக்கும். லேடீஸெல்லாம் பூவும் பட்டுமா வருவாங்க. நல்ல காரியம்னு ஒண்ணு ஆரம்பிக்கறோம்..."

"யாருக்குக் கஷ்டம்? அவளேதான்டா வரேன்னு கேட்டா."

"கேப்பாங்க. நாமதான் யோசிக்கணும். அதுக்காக சுந்தரை விட்டுடுவோமா? மேடையில அவன் போட்டோ வைப்போம், பெரிய மாலையா போடுவோம், ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி. போட்டோவை மட்டும் நீ விஜயாகிட்ட வாங்கிட்டு வந்துடு. கல்யாணப் போட்டோவா இருந்தாலும் சரி, ஸ்டுடியோவுல குடுத்து அவனை மட்டும் தனியா எடுத்துக்கலாம்."

பாஸ்கர் கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தான். டேவிட், "எங்க சர்ச்சுல இதெல்லாம் பாக்கறதில்லை" என்று ஆரம்பித்து, மூர்த்தி முகத்தைப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் எல்லாரும் என்ன சொல்றீங்களோ அதான்" என்று முடித்தான்.

எப்படிடா இது? அவளிடம் போய் உன் போட்டோவைக் கேட்கவேண்டும், ஆனால் அவளை மட்டும் வராதே என்று சொல்லவேண்டும். இதை ஒரு மனுஷன் செய்வானா?

மூர்த்தி கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் என் எரிச்சலே. நீ மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு போட்டு உன் காலடியில் உட்கார்ந்திருந்தவன். உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது கடைசிவரை தோள் மாற்ற விடாதவன். அப்படிப்பட்டவனுக்கு உன் பெண்டாட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்?

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் உன்னை வாய்க்கு வாய் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம். மச்சான் என்றால் அவன் பெண்டாட்டி நமக்குத் தங்கச்சி இல்லையா? உன் கல்யாணப் பந்தியில் மூர்த்திதான் எழுந்து நின்று, "எங்க தங்கச்சி கண்கலங்காம பாத்துக்கணும் மச்சான், இல்லேன்னா நாங்க நாலு பேரும் வந்துடுவோம்" என்று சத்தம் போட்டான். நாங்கள் கை தட்டினோம். இப்போது தங்கச்சி எங்கே போனாள்? நீ போனதும் அந்த உறவும் போய்விட்டதா?

போன சனிக்கிழமை விஜயா வீட்டுக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன், ஒன்றும் உருப்படவில்லை. டேவிட் வீட்டில் போட்டோ விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தார்கள் போல, அவள் முன்னாடியே போட்டோவை எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். உங்கள் கல்யாணப் போட்டோ. ரெண்டு பேரும் மாலையும் கழுத்துமாக நிற்கிறீர்கள். நீ காமிராவைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாய். அந்த யாரோ மூர்த்திதான். போட்டோகிராபர் பின்னால் நின்று அவன் கோணங்கி காட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இதுலதான் அண்ணா அவர் அவரா இருக்கார். ஆனா நானும் கூட இருக்கேனே, பரவாயில்லையா?" என்றாள்.

"பரவாயில்லைம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

கயல் ஓடி வந்து, "மாமா, செருப்புக் கதை சொல்றவரு கண்டிப்பா வருவாரா?" என்று கேட்டாள். வருவார் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். விஜயா வாசல் கேட் வரைக்கும் வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. விளக்கு ஏத்தறப்போ நான் வெளியிலயே நின்னுக்கறேன். எல்லாம் ஆனதும் உள்ள வந்து கடைசியா உக்காந்துக்கறேன். அது பரவாயில்லையா?"

அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை சுந்தரா. சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறாள். இந்த ரெண்டு வருஷத்தில் எத்தனை கல்யாணத்தில், எத்தனை வளைகாப்பில் இப்படி ஒதுங்கி நின்று பழகியிருந்தால், நாம் கேட்பதற்கு முன்னால் அவளே கேட்பாள்? "நீ நேரா உள்ள வா" என்றேன். அதட்டுகிற மாதிரி வந்துவிட்டது. அழுகையை அடக்கினால் எனக்கு அப்படித்தான் வருகிறது.

அங்கிருந்து நேராகத் தாம்பரம் வந்து, ஸ்டேஷன் எதிரில் இருக்கிற டெலிபோன் பூத்தில் நுழைந்து மூர்த்திக்குப் போன் போட்டேன்.

"போட்டோ கிடைச்சுதா?" என்றான் எடுத்ததும்.

"கிடைச்சுது. தரமாட்டேன்."

"என்னடா விளையாடறே?"

"அதுல விஜயாவும் இருக்கா. வெட்ட விடமாட்டேன். போட்டோ வரணும்னா அவளும் வருவா."

"சேது, பிடிவாதம் பிடிக்காதே. எனக்கு ஒண்ணுமில்லை, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. என் வைஃப்பே என்ன நினைப்பாளோ."

"பரீட்சை அன்னைக்கு செருப்பு விழுந்ததே, ஞாபகம் இருக்கா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

"அதோட முடிவு விஜயாவுக்குத் தெரியாதாம். சுந்தர் ஒரு தடவைகூட முடிச்சதில்லையாம். நீ சொல்லுவேன்னுதான் அவ வரா. அவன் பொண்ணும் அதுக்குத்தான் வரா."

"நாளைக்குப் பேசறேன்" என்றான். அந்த நாளை வந்து போய், அதற்கடுத்த நாளும் போய்விட்டது. இன்னும் பேசவில்லை.

அவன் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில் முடிவை நானே இங்கே எழுதிவிடுகிறேன். மூர்த்தி, ஜெராக்ஸுக்கு முன்னால் இதை நீதான் முதலில் படிப்பாய் என்று தெரியும். நீயே விஜயாவிடம் சொல்வதாக இருந்தால், இந்த அடுத்த பத்தியை அடித்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்.

அன்றைக்கு மூர்த்தி லேட். குரோம்பேட்டையில் வண்டி கிளம்பிவிட்டது, அவன் பிளாட்பாரத்தில் ஓடி வருகிறான். சுந்தர் வாசலில் தொங்கிக்கொண்டு கையை நீட்டி அவனை உள்ளே இழுத்தான். மூர்த்தி உள்ளே வந்தான், சுந்தரின் ஒரு செருப்பு வெளியே போனது. ஒத்தைச் செருப்போடு எப்படி பரீட்சைக்குப் போவது என்று சுந்தர் முழித்துக்கொண்டு நின்றான். மூர்த்தி தன் ஒரு கால் செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியே வீசிவிட்டான். புதுச் செருப்பு. "நீ மட்டும் இப்படிப் போனா சிரிப்பாங்க மச்சான். ரெண்டு பேரும் போனா ஸ்டைல்னு நினைச்சுக்குவாங்க" என்றான். எழும்பூரில் இறங்கி காலேஜ் வரைக்கும் ரெண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு செருப்போடு நடந்தார்கள். பின்னால் வந்த எனக்கும் டேவிட்டுக்கும் சிரித்துச் சிரித்து படித்ததெல்லாம் மறந்துவிட்டது.

அந்த மூர்த்தி எங்கேடா போனான் சுந்தரா? உனக்குத் தெரிந்தால் சொல்லேன்.

சாந்தியும் முதலில் "உங்களுக்கேன் ஊர் வம்பு" என்றுதான் சொன்னாள். விஜயா கேட்டில் வந்து கேட்டதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். அப்புறம், "விஜயா வெளியில நிக்கறதா இருந்தா நானும் அங்கதான் நிப்பேன். விளக்கை அவங்களே ஏத்திக்கட்டும்" என்றாள். இவளிடம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் மண்டபத்துக்குப் போய்விடுவேன். போட்டோவை வெட்டாமல் முழுசாக மேடையில் வைப்பேன். புதுசாக மாலை எதற்கு, அதிலேயே ரெண்டு பேர் கழுத்திலும் இருக்கிறது. அப்புறம் முன் வரிசையில் ரெண்டு நாற்காலியில் கர்ச்சீப் போடுவேன். ஒன்று விஜயாவுக்கு, ஒன்று கயலுக்கு. யார் வந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்கமாட்டேன். மூர்த்தியே வந்து நின்று, "யாருக்குடா இது, காலியாத்தானே இருக்கு" என்று கேட்டால், உன்னைப் போல முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு வராது, ஆனால் நீ சொன்னதையேதான் அவனிடம் சொல்வேன். ஆள் வருது சார்.

விஜயாவுக்கு அண்ணன், கயலுக்கு மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
சேது