அம்மை என்று எண்ணிய காய்ச்சல்

கவரைப்பேட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பூமிகாவுக்கு அப்பா எழுதுவது. கனடாவின் குளிரிலும் உன்னையும் மாப்பிள்ளையையும் இறைவன் நலமாக வைத்திருக்க வேண்டுகிறேன். உன் அம்மா நலம். தொலைபேசியில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் என் நிலையை எழுதுகிறேன்.

உள்ளங்காலில் தொடங்கிய தோல் புற்றுநோய் நுரையீரல்வரை சென்றதும், சென்னை மருத்துவர் தந்த மாத்திரைகளால் அது சுருங்கி வருவதும் நீ அறிந்ததே. அவை உயிரைத் தந்து வெயிலைப் பறித்துக்கொண்டன. சன்னலோரம் சற்று அமர்ந்தாலும் முகம் வெந்து சிவக்கிறது. நாள்தோறும் கதிரவனைத் தொழுத நான், இப்போது திரையை இழுத்து மூடிக்கொண்டு, தொழிற்சாலைப் பேருந்துகள் ஆள் ஏற்றிச் செல்லும் ஓசையால்தான் விடிந்ததை அறிகிறேன்.

சென்ற வாரம் குளிர்காய்ச்சல் கண்டு உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன. பக்கத்து வீட்டுப் பூவம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஆத்தாளே ஊட்டுக்கு வந்துக்கீறா, நீ மாத்திர குடுத்துக்கினு கீற" என்று கடிந்துகொள்ள, உன் அம்மா வாசலில் வேப்பிலை செருகி, மாத்திரைகளை அம்மன் படத்தின் பின்னால் வைத்துவிட்டாள். அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்பது நம் வழக்கம். அம்மனைப் பாடியே பழகிய என் நா மறுத்துப் பேச எழவில்லை. காய்ச்சலும் இறங்கியது. "பாத்தீங்களா, ஆத்தா மனசு குளுந்துட்டா" என்று உன் அம்மா அழுதாள்.

அவளுக்குத் தெரியாமல் மருத்துவமனையுடன் தொலைபேசியில் பேசினேன். அது அம்மையன்று, மருந்தின் பக்கவிளைவே என்றார்கள். காய்ச்சலில் நிறுத்தியது சரிதான், இறங்கிய பின்னும் தொடங்காதிருப்பதே ஆபத்து, இன்றே தொடங்குங்கள் என்றார்கள். அவளோ, அம்மை இறங்கியதற்குத் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை மாத்திரை தரமாட்டாள். "ஆத்தா கோச்சிக்கினா ஒங்கள யாரு காப்பாத்துவா" என்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாமே என்பாய். சொன்னால், அம்மனை நம்பிக் கணவனைச் சாகக் கொடுக்கவிருந்தேனே என்று அவள் இடிந்துபோவாள். ஆகவே இன்று அவள் கோயிலுக்குச் சென்றதும், அம்மனை வணங்கி, படத்தின் பின்னே கைவிட்டு எடுத்து விழுங்கினேன். என் வீட்டிலேயே திருடனானேன்.

காய்ச்சல் மீண்டும் வரக்கூடுமாம். வந்தால் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டுமாம். வந்தால் ஆத்தாள் சினந்தாள் என்பாள் அவள்; அதற்கு அஞ்சி நான் மறைத்துவிடுவேன்.

நீங்கள் இருவரும் எல்லா நலனும் பெற்று நீடு வாழ என் ஆசிகள். ஒன்றை மறவாதே: பேசும்போதெல்லாம் என் உடம்பைப் பற்றி என்னிடம் கேட்காதே. அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாயா என்று அம்மாவிடம் கேள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தந்தை,
அருணாச்சலம்