நைனா பாட்டை அழிக்காதவனுக்கு

மச்சான்,

பெயிண்ட் அடிக்க வந்தவர் இன்று காலை என் பால்கனிக் கம்பியில் சுற்றியிருந்த நீல ஒயரைக் காட்டி, "இது இன்னா சார், அறுத்துடவா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எதிர் பிளாக்கில் இருந்த உன் கம்ப்யூட்டரோடு என்னுடையதைச் சேர்க்க நீ இழுத்த ஒயர் அது. நானே அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

அண்ணனூருக்கு நான் குடிவந்த புதிதில் நீ ஒரு பாட்டு வட்டம் நடத்திக்கொண்டிருந்தாய். அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை மற்றவர்கள் நேராக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே நுழைய வேண்டுமென்றால் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பாட்டைக் கொண்டுவர வேண்டும். எடுத்தவன் பிறருக்கும் கொடுக்கிற வரை மிஷினை அணைக்கக் கூடாது. "வாங்கிகினு ஓடறவன் நமக்கு வேணாம்" என்பாய். பெரிய கவர்மெண்ட் ஆபீஸ் நடத்துவதாக உனக்கு நினைப்பு.

நான் கொண்டுவந்தது, செத்துப்போன அப்பா பாடிய கேசட். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய மனிதர், கள்ளிக்குப்பத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் போய்க் கானா பாடுவார். பூஞ்சை பிடித்த அந்த டேப்பை நீ பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாய். ஏற்றி முடித்ததும் டேப் அறுந்தே போனது.

பிறகு நம் வட்டத்தில் எவனோ புதுப் படத்துப் பாட்டுகளைப் போட்டுத் தொலைத்தான். இணைப்பு உன் பெயரில் இருந்ததால் பாட்டுக் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் உனக்கு வந்தது. சேதி தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் பயந்துபோய் ஹார்ட் டிஸ்க்கை மொத்தமாக அழித்தோம். அப்பாவும் அதில்தான் இருந்தார் என்பது அழித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். கம்பெனி ஆள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நீ அவர்கள் பாட்டையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தாய். "ஒண்ணு விடாம அழிங்க. இல்லேன்னா கேஸ்தான்" என்றார் அவர். கேஸ் என்றால் உன் வேலைக்கே ஆபத்து.

"உங்க பாட்டு பூரா போச்சு சார். தப்புதான், எழுதித் தர்றேன். ஆனா இது இவன் ஊட்டுப் பாட்டு. இவன் நைனா பாடனது. இத்த அழிக்க உனக்கும் ரைட்ஸ் இல்ல, எனக்கும் இல்ல" என்றாய்.

போட்டும் காட்டினாய். அப்பா இருமிவிட்டுப் பாட ஆரம்பித்தார். அந்த ஆள் முழுக்கக் கேட்டார். "இது எங்களது இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ டீ போடப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு ஆளே மாறிப்போனாய். நம் மக்கள் பாடியது மட்டும்தான் வட்டத்தில் இருக்கலாம், அதுவும் பாடியவர் வீட்டில் சம்மதம் கேட்டுக்கொண்டுதான். நாங்கள் உனக்குக் 'கம்பெனி' என்றே பேர் வைத்தோம். அப்பா பாட்டை ஆவடியில் ஒருவன் கேட்கிறான், பூந்தமல்லியில் ஒருவன் கேட்கிறான் என்று எனக்கு ஓயாமல் போன் செய்வாய்.

"எத்தினி தபாடா கேப்ப? குட்த்துத் தொலை" என்பேன்.

"பாட்டு உங்க நைனாவோடது. ஒவ்வொரு தபாவும் கேப்பேன்."

உன் சாவுக்கு வருவதாகச் சொன்ன பாட்டுக்காரர் வரவில்லை. உன் மனைவி என்னைப் பார்த்து, "நீ பாடுண்ணே. டெய்லி உங்க நைனா பாட்டத்தான் கேட்டுகினு இருந்தாரு" என்றாள். பாடுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நீ காப்பாற்றிக் கொடுத்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகியிருந்தது.

அப்பா செத்த அன்று எனக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. வேறு யாரோ பாட, ஓரமாக நின்று அழுதேன். உன் தலைமாட்டில் நின்று கடைசி வரை நானே பாடினேன், மச்சான். அப்பா பாடிக் கேட்டிருந்த கள்ளிக்குப்பத்துப் பெருசு ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, என் பேரைச் சொல்லி, "யார்றா, அவன் நைனாவா பாடறான்?" என்று கேட்டாராம்.