கதவிடம் சொன்ன சாரி

என் இல்லத்து மகாராணிக்கு, நான் மலைபோல் சுகம். உன் முழங்கால் வலி எப்படி?

இந்தச் சீமையில் ஒரு நாளில் சொல்லும் ‘சாரி’களை மூட்டை கட்டினால் கப்பலே மூழ்கும். தும்மினால் சாரி, வழி கேட்டாலும் சாரி. நேற்று ஹோட்டல் சலவைக்கூடத்தில் என் துணிவண்டியை ஒருவர் காலில் ஏற்றினேன். அவர் என்னிடம் சாரி கேட்டார்! நானும் பழகி, இடித்துக்கொண்ட கதவிடம்கூடச் சொல்கிறேன்.

இன்று சூப்பர்வைசர் நிமிராமலே, “சாரிண்ணே, பொண்ணு கல்யாணம்னாலும் லீவு கிடையாது” என்றார். நான் கதவிடம் சொல்லும் அதே குரல்.

சம்பந்தியிடம் பக்குவமாகச் சொல். எனக்கு எடுத்த பட்டு வேட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதே, ஊருக்கு வரும்போது கட்டிக்கொள்கிறேன். நம் பெண்ணிடம் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீயே சொல்லிவிடு.

வண்டி நிரம்பிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்