மேலே ரதம் இல்லாத வளைவு

மார்ச் 4

என் மருமகளுக்கு,

வேறெப்படி அழைப்பதென்று தெரியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நீ மறுமணம் செய்துகொண்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. உன் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவள் நான்.

நேற்று தையல் கடையைப் பூட்டிவிட்டுப் போர் நினைவிடத்துக்குப் போனேன். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று ஐந்து வருஷமாகத் தட்டிக்கழித்த இடம். அம்மாடி, என்ன அழகு! ஈராயிரம் வருஷத்துக்கு முன் ஏதோ வெளிதேசத்தில் ஒரு ராஜா எழுப்பிய வெற்றி வளைவை அளவெடுத்து அதே மாதிரி கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. பழைய வளைவின் உச்சியில் ராஜா ரதத்தில் நிற்பாராம். இங்கே அந்த இடம் காலி.

"ஏம்பா, இன்னும் வேலை பாக்கி இருக்கா?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"இல்லம்மா, வேணும்னேதான் விட்டிருக்காங்க. இது திரும்பி வராதவங்களுக்குக் கட்டினது."

உட்சுவர் முழுக்கப் பெயர்கள். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. நாற்பது வருஷம் தைத்த கண் சொல்கிறது. என் மகன் பெயர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. காவலாளி தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, நான் ஏறி இறங்கும்வரை பிடித்துக்கொண்டார். தொட்டுப் பார்த்தேன். அழுகை வரும் என்றுதான் நினைத்தேன், பெருமை வந்தது. இறங்கியதும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உன்னைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.

நீயும் ஒருமுறை போய்ப் பார்.

அத்தை

மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டதும், கடையில் மருந்து வாங்க வந்தவரை அப்படியே நிற்கவைத்துவிட்டு உறையைப் பிரித்தேன்.

நான் போயிருக்கிறேன் அத்தை. கல்யாணத்துக்கு முந்தின வாரம். உங்கள் மகனிடம் சொல்லாமல் இன்னொருவரைக் கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. அவர் பெயருக்கு நேர் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கூட்டிப்போனது என் வீட்டுக்காரர்தான். லிஃப்ட் மெக்கானிக். இவ்வளவு பெரிய கல்லை அந்த உயரத்துக்கு எப்படி ஏற்றினார்கள் என்று வியந்து வியந்து பார்த்தவர், வளைவுக்குள் மட்டும் வரவில்லை. "நீ பேசிட்டு வா. நான் அங்க வந்து நிக்கிறது மரியாதையா இருக்காது" என்று வெயிலில் வாசலிலேயே நின்றுவிட்டார்.

இதை உங்களுக்கு எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். கோபம் தீர்ந்ததா அத்தை?

உங்கள் மருமகள்

மார்ச் 15

கண்ணே,

கோபம் என்ன கோபம், வெறும் வீம்பு. விட்டுத்தள்ளு.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வளைவுக்குக் கீழே நிற்பேன். இரண்டு பேரும் வாருங்கள். வாசலோடு நின்றால் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வருவேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

என் மகனுக்கு அவரை நான்தானே அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

அத்தை