முன்பக்கத் தோள்

பிப்ரவரி 2, வெள்ளி

வலி: ஆறு.

கீர்த்தி சொன்னபடி நோட்டு போட்டாயிற்று. கீர்த்தி என்பது ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண். "பத்துக்கு எத்தனை வலின்னு தினமும் எழுதுங்க சார். எதனால கூடுது, எதனால குறையுதுன்னும் எழுதுங்க" என்றாள்.

எதனால் என்பதில் என்ன சந்தேகம்? எஞ்சினால்தான். கரையில் விட்டால் காணாமல் போய்விடும். அதனால் கடலிலிருந்து வந்ததும் தினமும் அதைப் படகிலிருந்து கழற்றி, மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிட்டு, மணலைத் தாண்டி, நிற்கவே நிற்காத லூப் ரோட்டுக் கார்களையும் தாண்டி, வீடு வரை தோளில் கொண்டுவருகிறோம். கழிக்கு முன்னால் நான், பின்னால் ராஜநாயகம். கயிறு கட்டுவது அவன் வேலை, வழி பார்த்து நடப்பது என் வேலை. பதினான்கு வருடமாக இதே வரிசை. அவன் என் மனைவி ஜொவிட்டாவின் தம்பி. படகில் பாதி அவனுடையது.

தீபாவளியிலிருந்து வலது தோள் சரியில்லை. அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன்.

பிப்ரவரி 3, சனி

வலி: ஐந்து.

பழைய எஞ்சின் இன்று நடுக்கடலில் இரண்டு தடவை நின்றது. எட்டு எச்பி, பன்னிரண்டு வயது, இனி பேசிப் பயனில்லை. ராஜநாயகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டான்.

"புதுசு எடுத்துடலாம் மாமா. எடுக்கறதுதான் எடுக்கறோம், இருபத்தஞ்சு எச்பியா எடுத்துடலாம்."

மனதுக்குள் எடைக் கணக்குப் போட்டேன். எட்டு எச்பி முப்பது கிலோ. பத்து எச்பி என்றால் நாற்பது. இருபத்தைந்து எழுபதுக்குக் குறையாது.

"பத்து போதும்டா" என்றேன்.

"பத்த வெச்சிகினு இன்னா பண்றது? எல்லாரும் மீன எறக்கி ஏலம் முடிஞ்சப்புறம் நாம போய் நிக்கணுமா?"

படகு பழசு, எஞ்சினை மாட்டும் பின்பலகை ஒட்டுப் போட்டது, பெரிய எஞ்சின் பெட்ரோலாகக் குடிக்கும் என்று அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்றுகூட என் காரணம் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

பிப்ரவரி 4, ஞாயிறு

கடல் இல்லை. வலி: நான்கு. பூசையில் பக்கத்திலிருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போது ராஜநாயகம் என் இடது கையைப் பிடித்துக் குலுக்கினான். கோயிலில் என்ன விளையாட்டு இவனுக்கு.

பிப்ரவரி 7, புதன்

வலி: ஆறு. ஏழு என்றும் சொல்லலாம்.

அடையாறு பாலம் தாண்டி சுயம்புலிங்கம் பட்டறைக்குப் போனோம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், படகு எஞ்சின் மட்டும்தான் பார்ப்பார். படகு எத்தனை அடி, எத்தனை ஆள், வலை எவ்வளவு, பின்பலகை எப்படி என்று டாக்டர் மாதிரி கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் கேட்டார்:

"சரி, தூக்கப்போறது யாருவே?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நாங்கதான்" என்றோம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்றான் ராஜநாயகம். எப்படிப் பார்த்துக்கொள்வான்? எழுபது கிலோவை இரண்டு பேர் தினமும் தூக்க முடியாது, மூன்றாவது ஆள் வேண்டும். எங்கள் படகு மூன்று பேருக்குச் சோறு போடாது. அப்படியென்றால் இறங்க வேண்டியவன் யார்? அவனுக்கு வயது முப்பத்தெட்டு. எனக்கு நாற்பத்தொன்பது.

ஜொவிட்டாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். "சொல்லித் தொலையேன். எந்தம்பி இன்னா உன்ன கடல்ல தள்ளிடுவானா?" என்றாள்.

கடலில் தள்ள மாட்டான். கரையில் தள்ளுவான். அங்கே உட்கார்ந்து மற்றவர்கள் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டு - முடியாது. என்னால் அது முடியாது.

பிப்ரவரி 10, சனி

வலி: ஐந்து. வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

பழைய இருபத்தைந்து ஒன்றை சுயம்புலிங்கம் ஒரு நாளுக்குக் கொடுத்தார். "ஓட்டிப் பாருங்க, பொறவு வந்து பேசுங்க" என்றார். வேனிலிருந்து படகுக்கு நான்கு பேர் தூக்கினோம். அதாவது மூன்று பேர் தூக்கினார்கள், நான் கை வைத்திருந்தேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், போகும்போது பறந்தது. பட்டினப்பாக்கம் வீடுகள் ஐந்தே நிமிடத்தில் தீப்பெட்டியாகிவிட்டன. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் மாட்டுவண்டியா ஓட்டினோம் என்று இருந்தது. தோளை மறந்து ஒரு நிமிடம் நானும் இருபத்தைந்துக்கு மாறிவிட்டேன்.

திரும்பும்போதுதான் வந்தது வினை. கரை அலையில் வேகத்தைக் குறைத்ததும் பின்பக்கம் அமுங்கியது. எஞ்சின் கனம் அப்படி. பின்னால் வந்த அலை நேராகப் படகுக்குள் ஏறிவிட்டது. முழங்கால் வரை தண்ணீர், ஐஸ் பெட்டி மிதக்கிறது, ஒட்டுப் போட்ட பலகை முனகுகிறது. ராஜநாயகம் "மாதாவே" என்று மட்டும் சொன்னான். அடுத்த அலை முந்துவதற்குள் எப்படியோ மணலில் ஏற்றிவிட்டோம். பார்த்தால் பின்பலகையில் விரல் நீளத்துக்கு விரிசல்.

ராஜநாயகம் விரிசலை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "பத்தே எடுத்துக்கலாம் மாமா" என்றான்.

அப்பாடா. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். படகில் தண்ணீர் ஏறியதற்கு நான் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அவன் முகம்தான் புரியவில்லை. ஆபத்திலிருந்து தப்பியவன் முகமாக இல்லை. எதையோ பறிகொடுத்தவன் போல இருந்தான்.

பிப்ரவரி 14, விபூதி புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கினேன். ராஜநாயகத்திடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

வலி: மூன்று.

படகு பலகை வேலையில் இருப்பதால் ஒரு வாரமாக எதையும் தூக்கவில்லை. புது எஞ்சின் பத்து எச்பி, வியாழக்கிழமை வருகிறது. முப்பது கிலோ நாற்பதாகப் போகிறதே, கழி தாங்குமா என்று பார்ப்போமென்று மூலையில் சாத்தியிருந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நடுவில் கயிறு தேய்த்த தடம் இருக்கிறது. ஆழமான, பழைய தடம். அழுக்கு படிந்து கறுத்துக் கிடக்கிறது. இப்போது அங்கே கயிறு படுவதே இல்லை.

அங்கிருந்து இரண்டு ஜாண் தள்ளி, பின்பக்கமாக, இன்னொரு தடம். புதிதாகத் தேய்ந்து மூங்கில் வெளுத்திருக்கிறது.

முதலில் விளங்கவில்லை. பிறகு கழியைத் தோளில் வைத்துப் பார்த்தேன். கயிறு பின்னால் போனால் பாரமும் பின்னால் போகும். முன்னால் நடப்பவனுக்கு எங்கே தெரியும்? நான் கார்களைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். எத்தனை மாதம்? எஞ்சினில் பெரும்பங்கைச் சுமந்துகொண்டு ஒரு மூச்சு விடாமல் பின்னால் வந்திருக்கிறான் பாவி.

ஜொவிட்டாவைக் கேட்டேன். மாதா மேல் சத்தியமாக அவள் சொல்லவில்லையாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கழியை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு தடத்தையும் காட்டினேன். அவன் கழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காதைச் சொறிந்தான்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"தீபாவளிலேர்ந்து. சட்டைய எடது கையால கயட்டிகினு இருந்த. அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் இருபத்தஞ்சு வேணும்னு ஏண்டா நின்ன? எழுபது கிலோவ என் தலைலயா கட்டப் பாத்த?"

"அய்ய, அத எவன் தோள்ல தூக்குவான்? வண்டி வெச்சுத்தான் தள்ளணும். அதுக்குத்தான் மாமா கேட்டேன்."

"வண்டி பத்துக்கும் வெக்கலாமேடா."

"பத்துக்கு வண்டி வெச்சா கரையில இன்னா சொல்வானுங்க? ஆண்ட்ரூ மாமாக்கு வயசாயிடுச்சு, எஞ்சின் தூக்க முடியலன்னு சொல்வானுங்க. இருபத்தஞ்சுன்னா ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

அதுதான் அந்த முகம். அன்று கடலில் போனது அவனுடைய வண்டித் திட்டம். தோளைக் காப்பாற்ற நான் சின்ன எஞ்சினுக்கு நின்றேன். அதே தோளைக் காப்பாற்ற அவன் பெரிய எஞ்சினுக்கு நின்றான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் பின்பலகையாவது மிஞ்சியிருக்கும்.

திட்டத்தான் போனேன். அழுதுவிட்டேன். அவனும்தான். அவன் மனைவி ஃப்ளோரா காப்பி எடுத்துவந்தவள், எங்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

"மூணாவது ஆள் போட்டு என்ன எறக்கிடுவியோன்னு இருந்தேன்" என்றேன்.

"லூசா மாமா நீ?" என்றான். அவ்வளவுதான் அவன் பதில். அதுவே போதும்.

பிப்ரவரி 24, சனி

வலி: இரண்டு.

புதுப்பேட்டையில் பழைய ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு வாங்கி, காற்றைக் கொஞ்சம் குறைத்து, கம்பிச் சட்டத்தில் மாட்டியாயிற்று. மணலில் அழகாக உருள்கிறது. புது எஞ்சினும் நன்றாக ஓடுகிறது. பறக்கவில்லை. அலையில் பின்பக்கம் தூக்கலாகவே நிற்கிறது, அது போதும்.

கரையில் மூன்று படகுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "இன்னா ஆண்ட்ரூ, பத்துக்குப் போய் வண்டியா?" என்றார் நாகராஜ். எங்கள் கரையிலேயே பெரிய வாய் அவருக்குத்தான். ராஜநாயகம் ஏதோ கதை கட்ட வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"தோள் வலிண்ணா. நாலு மாசமா."

சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. நாகராஜ் "ஓ" என்றார், வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மார்ச் 22, வெள்ளி

வலி: ஒன்று.

நாளைக்குக் கீர்த்தியிடம் நோட்டைக் காட்ட வேண்டும். இதை எப்படிக் காட்டுவது? எண்களை மட்டும் ஒரு தாளில் காப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

நாகராஜ் இன்று வந்து சக்கரம் எந்தக் கடையில் வாங்கினோம் என்று கேட்டார். குரலை இறக்கிக் கேட்டார். அவருக்கு இடுப்பாம், இரண்டு வருடமாக. நேற்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எங்களுடையதைப் பார்த்து இதற்குள் மூன்று பேர் வண்டி செய்துவிட்டார்கள். கரையில் அவருடையது ஐந்தாவது வண்டியாக இருக்கும்.