கரப்பான் ஓடலைன்னு சொன்னியே அப்பா

மூன்று தடவை சோப்புப் போட்ட பிறகும் இன்னொரு தடவை போட்டுக்கொள்ளும் என் அப்பாவுக்கு,

நான் படகில் போனேன் அப்பா. ஆபீஸில் எங்கள் ஆறு பேரை ஒரு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் பெயர் உன் வாயில் நுழையாது. ஊர் திரும்பும் நாள் மதியம், ஊருக்கு நடுவில் ஓடும் ஆற்றில் நாற்பது நிமிடம் சுற்றிக் காட்டும் படகில் ஏற்றினார்கள். ஆளுக்கொரு ஜூஸ் கொடுத்தார்கள். நீயாக இருந்தால் குடிக்காமல் பையில் போட்டு அம்மாவுக்குக் கொண்டுவந்திருப்பாய்.

ஒரு பெண் மைக் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாலத்துக்கும் கதை சொன்னாள். மூன்றாவது பாலத்துக்கு அடியில் போகும்போது, ஒரு காலத்தில் இது சாக்கடை, பக்கத்தில் நிற்க முடியாது, இப்போது மீன் திரும்பி வந்துவிட்டது என்றாள். மீன் இருந்தால் ஆற்றுக்கு உயிர் இருக்கிறதாம். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உன் கரப்பான் பூச்சிதான் ஞாபகம் வந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பெங்களூரில் மேன்ஹோலில் இறங்கி அடைப்பு எடுத்தவர். மூடியைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓரமாக நிற்பார். "கரப்பான் உசுரோட ஓடி வந்தா எறங்கலாம். ஒண்ணும் வரலைன்னா உள்ள வெசக் கேஸ் இருக்கு, மூடிட்டு வந்துரணும்" என்பார். அதைத் தவிர வேறு எந்தக் கருவியும் யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை.

படகில் என் பக்கத்தில் சௌம்யா உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், நல்லவள்தான். "நம்ம பெங்களூர் சாக்கடை மோரியிலயும் இப்படி ஒரு போட் விடலாம்டி கலா. டிக்கெட்டோட மூக்குக்கு ஒரு கிளிப்பும் குடுக்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அப்பா, மற்றவர்களைவிடச் சத்தமாக. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்களே, அந்தப் பயம்தான்.

"உங்கப்பா தண்ணி டிபார்ட்மென்ட்லதானே இருந்தாரு? இதெல்லாம் பாத்திருந்தா ரசிச்சிருப்பாரு" என்றாள். ஆமாம் என்றேன். நான் சொல்லிவைத்த பொய் அது. நீ போனபோதும் மாரடைப்பு என்றுதான் சொன்னேன். காரியமெல்லாம் வேலூர்ப் பக்கம் சொந்த ஊரில் என்றேன். நீ இங்கே பெங்களூரில், ஒக்கலிபுரத்தில் நம் வீட்டு வாசலில்தான் கிடந்தாய். ஆபீஸிலிருந்து ஒருவர்கூட மாலையோடு வரவில்லை. வரவிடாமல் செய்தவள் நான்.

வீட்டுக்குப் பின்னால் ஓடும் மோரியைக் காட்டி, "இதும் ஆறுதான் கலா, மேல எங்கியோ ஊத்து இருக்கு" என்பாய். "போப்பா, நாத்தம் புடிச்ச ஆறு" என்று ஜன்னலைச் சாத்துவேன். அந்த ஊர்ச் சாக்கடைக்குள்ளும் யாரோ இறங்கித்தானே இருப்பார்கள்? மைக் பிடித்த பெண் பாலம் கட்டியவர்கள் பெயரையெல்லாம் சொன்னாள். இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவது முழுதாக உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. ஊர் கேட்டாலும் கேட்கட்டும்.

நீ இறந்த அன்று காலை எனக்குப் போன் செய்தாய். மீட்டிங்கில் இருந்தேன், ஆனாலும் எடுத்தேன். "கலா, மூடி தொறந்து வச்சிருக்கோம், ஒரு கரப்பான்கூட ஓடல. வேணான்றேன். அரை மணி நேர வேலதானே, எறங்குன்றான் கான்ட்ராக்டர். நீ அவன்கிட்ட ரெண்டு வார்த்த இங்கிலீசுல பேசும்மா, நீ பேசுனா கேப்பான்" என்றாய். சுற்றிலும் ஆட்கள். அவர்கள் காதில் விழும்படி மேன்ஹோல் என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது? "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டேன். நீ இறங்கினாய், உயிரோடு ஏறி வரவில்லை.

இப்போது அந்த கான்ட்ராக்டர், நீ குடித்துவிட்டுத் தவறி விழுந்தாய் என்கிறான். பண்டிகைக்குக்கூடத் தொடாதவன் நீ. உன்னோடு வேலை செய்த முனியப்பா மாமாவிடம் கேட்டேன். "நான் வாயத் தொறந்தா நாளைக்கு எனக்கு வேல இல்ல கண்ணு. உனக்குத்தானே போன் பண்ணாரு, நீ சொல்லு" என்றார். உன் சாவைப் பற்றிய விசாரணைக்கு வரச்சொல்லி இரண்டு முறை கடிதம் வந்தது. இரண்டு முறையும் நான் போகவில்லை. போனால் பேப்பரில் வரும், ஆபீஸில் பார்ப்பார்கள்.

இறங்குவதற்கு முன் சட்டையோடு கழற்றி வைத்தாயே, அந்தப் போனை அம்மா தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். கடைசியாகக் கூப்பிட்ட இடத்தில் என் பெயர் இருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றாவது விசாரணை. லீவு எதற்கென்று கேட்ட சௌம்யாவிடம் நேற்று நீ செய்த வேலையையும் நீ போன விதத்தையும் சொன்னேன். "அப்புறம் ஏன்டி அன்னைக்கு போட்ல சிரிச்ச?" என்றாள்.

இந்த முறை போவேன் அப்பா. என் அப்பா குடிக்கவில்லை, வேண்டாம் என்று சொன்னார், எனக்குப் போன் செய்தார் என்று எழுந்து நின்று சொல்வேன். அப்போது நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். பக்கத்தில் அம்மா இருப்பாள். அதையும் சொல்வேன்.

உனக்காக இரண்டு வார்த்தை பேசாத உன் மகள்,
கலா