செவ்வாய்க்கிழமை ரத்தம்

தங்கைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நான்கு நாளாக நீ போனை எடுக்காததால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

போன வாரம் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். இரண்டு நாளாகியும் ரத்தம் நிற்காததால் ரத்தநோய் டாக்டரிடம் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இதே மாதிரி ஒரு கேஸ் படிச்சிருக்கேனே" என்று கம்ப்யூட்டரில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறந்தார். முப்பத்தாறு வயதுப் பெண், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் உடம்பு, பிரசவத்தில் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றியது, பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் மூன்று நாள் கசிந்தது. அந்தச் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நீ. கட்டுரையின் மேலே உன் பெயர்.

நீ இங்கே ரத்த ஆராய்ச்சியில் இருந்தபோது, உன் சோதனைகளில் ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆளின் ரத்தம் வேண்டும் என்றாய். இரண்டு வருஷம், செவ்வாய்க்கிழமைதோறும் ஆபீஸ் போகிற வழியில் உன் லேபில் இறங்கிக் கை நீட்டினேன். முதல் வாரமே, "மெஷின் மக்கர் பண்ணுதுக்கா, இன்னொரு டியூப் குடு" என்றாய். மெஷின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, இல்லையா?

ரத்தக்குழாய் கிழிந்தால் அதன் சுவரில் இருக்கும் கொலாஜன் நார் வெளியே தெரியுமாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அதைப் பிடிக்க இரண்டு விதமான கைகள் வைத்திருக்கின்றன என்றார் டாக்டர். ஒன்று ஒட்டிக்கொள்ள, இன்னொன்று விழித்தெழுந்து மற்ற தட்டணுக்களையும் கூப்பிட. எனக்கு அந்த இரண்டாவது கை இல்லை. தோலில் உள்ள செல்களுக்குக் கொலாஜனைப் பிடிக்க வேறு கைகள் உண்டாம். அதனால் புண் மட்டும் ஒழுங்காக ஆறிவிடுகிறது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. உனக்கு வந்தது, வந்தும் வாயைத் திறக்கவில்லை.

ரத்தம் கொடுத்தவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்பது உங்கள் லேபின் விதியாக இருக்கலாம். உனக்குத் தலை பின்னிவிட்டவளுக்கும் அதே விதியா? அந்தக் கட்டுரைதான் உனக்கு வெளிநாட்டில் வேலை வாங்கித் தந்தது. கேட்டிருந்தால் சந்தோஷமாக எழுதிக்கொள் என்றிருப்பேன். என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறாய். நெஞ்சு எரிகிறது.

கட்டுரையின் கடைசியில் ஒரு அட்டவணை. முதல் வரிசை நான். இரண்டாவது வரிசையில், "மகள், ஆறு வயது" என்று இருக்கிறது. முடிவு இல்லை, தனிக் கட்டுரையாக வரும் என்று குறிப்பு மட்டும். காய்ச்சலுக்கு டெஸ்ட் எடுக்கலாம் என்று ஒருநாள் அவளைத் தூக்கிக்கொண்டு போனாய். வரும்போது இரண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே வந்தீர்கள்.

வியாழக்கிழமை அவளுக்கு டான்சில் ஆபரேஷன். தூக்கத்தில் மூச்சு அடைப்பதால் தள்ளிப்போட முடியாது. உன் சோதனையை இங்கே வேறு யாரும் செய்வதில்லை. வெளியே அனுப்பினால் மூன்று வாரம் ஆகும். தெரிந்தால் அதற்கேற்ற மருந்தையும் தட்டணுக்களையும் தயாராக வைத்துக்கொள்வோம் என்கிறார் டாக்டர்.

விளக்கம், மன்னிப்பு எதுவும் இப்போது வேண்டாம். நீ நன்றாக இரு. அப்படித்தான் எழுத வருகிறது. என் பெண்ணுக்கு அந்தக் கை இருக்கிறதா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை எழுதிவிடு.

அக்கா